எங்கள் மாத இதழை அச்சிட்டுத் தரும் அச்சகம்: ஒரு மதிப்புரையும் வாசகர்களுக்கு என் நன்றியும்

பேருந்து நிலையத்திற்குப் பின்புறம், தாலுகா அலுவலகத்துக்குச் செல்லும் சந்தில், பத்திரம் எழுதுவோர் உட்கார்ந்திருக்கும் வேப்ப மரத்தைத் தாண்டியதும் இடப்பக்கம் ஓர் அச்சகம் இருக்கிறது. முன்னால் நகலெடுக்கும் இயந்திரமும் இரண்டு கணினிகளும், உள்ளே ஒரு மினி ஆஃப்செட் இயந்திரமும், அதற்கும் உள்ளே காகிதம் வெட்டும் இயந்திரமும் இருப்பதைத் தவிர வெளித்தோற்றத்தில் குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளூர் அரசியலைப் பற்றி நான் நடத்திவரும் எட்டுப் பக்க மாத இதழ், தொடங்கிய மாதத்திலிருந்து இன்றுவரை இங்கேதான் அச்சாகிறது. இதழைப் படித்துவிட்டு என்னைத் தெருவில் நிறுத்திப் பாராட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் நன்றியில் பெரும்பங்கு இந்த அச்சகத்துக்கும் அதன் வழியாக இதழைத் தாங்கிப்பிடித்த வாசகர்களுக்கும் போய்ச்சேர வேண்டியது. அதை முறையாக எழுதிவைக்க வேண்டும் என்று பல நாட்களாக எண்ணியிருந்தேன்.

இதழ் தோன்றிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை; தனி அலுவலர்களே நிர்வாகத்தைப் பார்த்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்பதே மக்களுக்குத் தெரியாத நிலையில், நகராட்சி எடுக்கும் முடிவுகளையாவது நாலு பேர் அறியச் செய்வோம் என்று 2017இல் தொடங்கியதுதான் இந்த இதழ்.

எழுதுவது எனக்குக் கடினமாக இருக்கவில்லை. அச்சிட ஆள் கிடைப்பதுதான் கடினமாக இருந்தது. அப்போது நடைமுறையில் இருந்த 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, பருவ இதழின் வெளியீட்டாளர் மட்டுமல்லாமல் அச்சிடுபவரும் மாவட்ட நடுவர் அல்லது உட்கோட்ட நடுவரான கோட்டாட்சியர் முன்பு உறுதிமொழி தர வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் அவர் பெயரும் அச்சிட்ட இடமும் இடம்பெற வேண்டும். அதாவது நான் எழுதுவதற்கெல்லாம் அவரும் பொறுப்பாளி. நான் முதலில் அணுகிய ஓர் அச்சகத்தார் மாதிரி இதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை என்றால் சொல்லுங்கள், இது வேண்டாம் என்று திருப்பித் தந்துவிட்டார். அவர் அச்சமும் நியாயமானதே. இந்த அச்சக உரிமையாளரோ எட்டுப் பக்கத்தையும் உட்கார்ந்து படித்தார். படித்து முடித்து, "இதில் இருக்கிறதுக்கெல்லாம் உங்களிடம் காகிதம் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற நகல்களைக் காட்டினேன். மறுநாள் காலை கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு என்னுடன் வந்து கையெழுத்திட்டார். அந்தப் பழைய சட்டம் 2024 மார்ச் 1 முதல் விலகி, 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. கடைசிப் பக்கத்தின் அடியில் அவர் பெயர் இன்றும் அச்சாகிறது.

இனி வேலையைப் பற்றி. பக்கம் வடிவமைக்கும் அக்கா இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் தட்டச்சு செய்கிறவர். நான் ஒருங்குறியில் (யூனிகோடில்) அனுப்புவதை அச்சகத்தின் பழைய மென்பொருள் ஏற்காமல் வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், சில எழுத்துகள் காணாமலே போகும். அவற்றை வரிவரியாகச் சரிசெய்த பிறகுதான் புரூஃப், அதாவது பிழைதிருத்தப் படி, என் கைக்கு வரும். ஒற்று மிகுமா மிகாதா என்பதில் எங்களுக்குள் நடந்த விவாதங்களில் பெரும்பாலும் அவர் சொன்னதே சரியாக இருந்திருக்கிறது. ஒருமுறை குடிநீர்க் குழாய்ப் பணிக்கான ஒப்பந்தத் தொகையில் நான் ஒரு சுழியைக் கூடுதலாகப் போட்டிருந்தேன். 4.2 லட்சம் என்பது 42 லட்சமாகிவிட்டது. அவர் அந்த எண்ணைப் பென்சிலால் வட்டமிட்டு, அருகில் கேள்விக்குறி போட்டு அனுப்பியிருந்தார். அது அப்படியே அச்சாகியிருந்தால் அடுத்த மாதம் மறுப்பு வெளியிடுவதோடு போயிருக்காது. அதன்பின் நான் எழுதும் எந்த எண்ணையும் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். புரூஃபில் எழுத்துப்பிழை பார்க்கும் அச்சகங்கள் உண்டு. செய்தியின் பொருளையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் அச்சகத்தை நான் இங்கேதான் கண்டேன்.

அச்சின் தரத்தில் ஒற்றை வண்ண வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் பின்பக்க மை முன்பக்கம் தெரியாது. கருமை முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வேறுபடாது. 2022 ஏப்ரலில் சொத்துவரி உயர்வு வந்தபோது, 600 சதுர அடிக்குட்பட்ட குடியிருப்புக்கு 25 விழுக்காடு, 1,200 சதுர அடி வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்ற விகிதங்களை ஒரு பக்க அட்டவணையாக வெளியிட்டோம். எண்களைப் பெரிய எழுத்தில், முதியவர்களும் கண்ணாடியில்லாமல் படிக்கும்படி அமைத்தவர் அந்த அக்காதான். அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி மளிகைக் கடைகளின் சுவரில் ஒட்டியிருந்ததைப் பல தெருக்களில் பார்த்தேன்.

வாசகர்களுக்கு நான் பட்டிருக்கும் கடன் அச்சகத்துக்குப் பட்டதைவிடப் பெரிது என்பதைக் காட்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒரு தெருவில் பேவர் பிளாக் பதித்த பணிக்கு, செய்த வேலையின் அளவுகளைப் பதிந்துவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலை, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய மனுவில் கேட்டு, பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டிப் பெற்றேன். 180 மீட்டர் என்று அதில் எழுதியிருந்தது. அந்தத் தெருவிலேயே குடியிருக்கும் ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவரும் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரும் நாடாவோடு வந்து, விடியற்காலையில் போக்குவரத்து தொடங்கும் முன்பு இருமுறை அளந்தார்கள். இரண்டு முறையும் 142 மீட்டரே வந்தது. செய்தியோடு அச்சகத்துக்குப் போனபோது உரிமையாளர், "அளந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினீர்களா?" என்று கேட்டார். நான் வாங்கியிருக்கவில்லை. பிளேட் (அச்சுத் தகடு) போடுவதை நிறுத்திவைத்துவிட்டு, நாளை வாங்கி வாருங்கள், ஒருநாள் தாமதமானால் ஒன்றும் ஆகாது என்றார். இருவரும் தயங்காமல் கையெழுத்திட்டார்கள்.

இதழ் வெளிவந்த இரண்டாம் வாரத்தில் ஒப்பந்தக்காரர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது, எனக்கு ஒன்றும் அச்சிட்டவருக்கு ஒன்றுமாக. அன்று மாலை அவரைப் பார்க்கப் போனபோது எனக்குப் பேச்சு வரவில்லை. என்னால் ஒரு குடும்பத்துத் தொழிலுக்குக் கேடு வந்துவிட்டதே என்று மனம் கனத்துப் போயிருந்தது. அவர் அந்த உறையைக் கோப்பில் வைத்துவிட்டு, அடுத்த மாதமும் எட்டுப் பக்கம்தானே, தாள் சொல்லிவிடட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக நான் அவருக்கு வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் வாசகரான ஒரு வழக்கறிஞர் கட்டணம் வாங்காமல் பதில் எழுதித் தந்தார். அளவுப் புத்தக நகலும் இரு கையெழுத்துகளும் பதிலோடு இணைக்கப்பட்டன. அதன்பின் அத்தரப்பிலிருந்து வேறு கடிதம் வரவில்லை.

செய்தி ஊருக்குள் பரவியபோது, வழக்குச் செலவுக்கு என்று சிலர் அச்சகத்து மேசையிலேயே பணம் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். நான் கேட்டதும் இல்லை, அறிவித்ததும் இல்லை. உரிமையாளர் நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் தேதியையும் தொகையையும் எழுதிவைத்தார். பெயர் சொல்ல விரும்பாதவர்களுக்கு ஒரு கோடு மட்டும். அந்தக் குறிப்பேடு இப்போது என்னிடம் இருக்கிறது. ஐந்நூறு, நூறு, இருநூறு என்று வரும் பதிவுகளுக்கு நடுவே, தொடர்ந்து ஒன்பது சனிக்கிழமைகளில் இருபது ரூபாய் என்று ஒரே மாதிரியான வரி இருக்கிறது. உழவர் சந்தையில் கீரை விற்கும் ஓர் அம்மா என்பதைத் தவிர அவரைப் பற்றி உரிமையாளர் எனக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று அந்த அம்மா கேட்டுக்கொண்டாராம். அம்மா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டினால், அந்தப் பணம் வழக்குக்குத் தேவைப்படவில்லை என்பதையும், அதில்தான் அடுத்த மூன்று மாதத் தாள் வாங்கினோம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதழ் அச்சாகி முடிந்ததும் நடக்கும் வேலையும் இந்த அச்சகத்தில்தான் நடக்கிறது. ஐம்பது உண்மையான சந்தாதாரர்களாவது இருந்து, 31 நாட்களுக்கு மிகாத இடைவெளியில் வெளிவரும் பதிவுபெற்ற இதழை, 50 கிராம் எடை வரை மிகக் குறைந்த கட்டணத்தில் அஞ்சல் துறை கொண்டுசேர்க்கிறது. எங்கள் எட்டுப் பக்கமும் மேலுறையும் சேர்ந்து 25 கிராம்கூட வராது. ஆனால் மடிப்பதும், மேலுறை ஒட்டுவதும், முகவரி ஒட்டுவதும், தெருவாரியாகப் பிரிப்பதும் கையால் செய்ய வேண்டிய வேலை. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில் பத்துப் பதினைந்து வாசகர்கள் வந்துவிடுகிறார்கள். மைதா பசையை ஒருவர் வீட்டிலிருந்து காய்ச்சிக் கொண்டுவருகிறார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் முகவரியை ஒருமுறை பார்த்ததுமே எந்தக் கட்டில் போட வேண்டும் என்று கை போகும் வேகத்தை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டு எண் தப்பாக இருந்தாலும் பெயரை வைத்தே சரியான தெருவுக்கு ஒதுக்கிவிடுவார். இதற்காக அச்சகம் அன்று இரவு ஒன்பது மணி வரை திறந்திருக்கிறது. விளக்குச் செலவைக்கூட ரசீதில் சேர்த்ததில்லை.

தேர்தல் காலத்தில் இவர்கள் நடந்துகொள்ளும் விதத்தையும் குறிப்பிட வேண்டும். தேர்தல் துண்டறிக்கைகளில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும் என்பதும், வெளியிடுபவர் இருவர் சான்றொப்பத்துடன் உறுதிமொழி தர வேண்டும் என்பதும் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2024 மக்களவைத் தேர்தலின்போது, நெடுநாள் பழகிய கட்சிக்காரர் ஒருவர் பெயரில்லாத துண்டறிக்கையை இரவோடு இரவாக அடித்துத் தரும்படி கேட்டதற்கு, படிவத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டு உரிமையாளர் கைகட்டி நின்றதை நான் பார்த்தேன். வந்தவர் போய்விட்டார். எனக்குக் காட்டிய அதே கண்டிப்பைத்தான் எல்லாக் கட்சிக்கும் காட்டுகிறார் என்பதால்தான், எந்தக் கட்சியையும் சாராத ஓர் இதழ் இங்கே அச்சாவது பொருத்தமாக இருக்கிறது.

குறைகளும் உண்டு. பல வண்ண வேலையை இங்கே கொடுக்க வேண்டாம்; நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காருவதில்லை, அவர்களே வெளியூருக்குத்தான் அனுப்புகிறார்கள். தை, ஆவணி மாதங்களில் திருமண அழைப்பிதழ்கள் குவிவதால் மற்ற வேலைகள் நான்கைந்து நாள் தள்ளிப்போகும். தொலைபேசியில் கேட்டால் "ஆகிவிட்டது" என்ற பதிலே வரும், நேரில் போனால்தான் உண்மை நிலை தெரியும். கட்டணத்தைப் பொறுத்தவரை, எட்டுப் பக்கம், 800 பிரதி, தட்டச்சு, பிளேட், தாள் எல்லாம் சேர்த்து நான் கடைசியாகக் கொடுத்தது 4,800 ரூபாய். இதைவிடக் குறைவாகச் சொன்ன இடங்கள் இருக்கின்றன. கல்யாண அழைப்பிதழோ ரசீதுப் புத்தகமோ அடிக்கிறவர்கள் நாலு இடம் விசாரித்துக்கொள்ளலாம். சங்க அறிக்கை, கிராம சபைத் தீர்மான நகல், குடியிருப்போர் நலச் சங்கக் கோரிக்கை போல ஒவ்வொரு சொல்லும் எண்ணும் சரியாக இருக்க வேண்டியவற்றை அச்சிடுகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் இங்கேயே வருவது நல்லது.

காலை பத்து மணிக்குத் திறப்பார்கள், ஞாயிறு விடுமுறை. இந்த மாத இதழின் புரூஃப் நேற்று வந்துவிட்டது, மூன்றாம் பக்கத்தில் அக்கா போட்ட இரண்டு கேள்விக்குறிகளுக்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். சந்தாதாரர் பட்டியல் இம்முறை கூடியிருப்பதால் மேலுறை ஒட்டக் கைகள் கூடுதலாக வேண்டும். வரக்கூடியவர்கள் கடைசிச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். முன்கதவு சாத்தியிருந்தாலும், சந்தில் திரும்பினால் பின்கதவு திறந்திருக்கும்.