ஹலோவா அஹாயா? போன்ல எது ஜெயிச்சுது, ஏன் ஜெயிச்சுது

மார்கரெட் ஹலோன்னு ஒரு பொண்ணு, கிரகாம் பெல்லோட காதலி, போனை கண்டுபிடிச்சதும் முதல்ல அவ பேரத்தான் சொன்னாரு, அதனாலதான் இன்னிக்கும் நாம ஹலோ சொல்றோம்னு ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கே, உங்களுக்கும் ஒரு நாலு தடவையாவது வந்திருக்கும். மொத்தமும் டூப்பு. பெல் கல்யாணம் பண்ணிக்கிட்டது மேபல் ஹப்பர்டங்கற பொண்ண, 1877 ஜூலைல. சின்ன வயசுல வந்த காய்ச்சல்ல காது சுத்தமா போயிடுச்சு அவங்களுக்கு, அதாவது புருஷன் கண்டுபிடிச்ச போன்ல அவங்களால ஒரு வார்த்தை கூட கேக்க முடியாது. நெஜமே இப்படி நெஞ்ச அடைக்குது, இதுல இல்லாத மார்கரெட்ட எதுக்கு இழுத்துட்டு வராங்களோ. 1876 மார்ச் 10 அன்னிக்கு போன்ல போன முதல் பேச்சும் ஹலோ இல்ல, பக்கத்து ரூம்ல இருந்த உதவியாளர "மிஸ்டர் வாட்சன், இங்க வாங்க, உங்கள பாக்கணும்"னு கூப்பிட்டதுதான்.

இதுல பெரிய காமெடி என்னன்னா பெல் ஹலோ கட்சியே கிடையாது. அவருக்கு பிடிச்சது அஹாய். ஹலோ கட்சிக்கு தலைவர் அவரோட போட்டியாளர் எடிசன்!

சரி ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாப்போம்.

வயசுன்னு பாத்தா அஹாய்தான் சீனியர். கப்பல்காரங்க இன்னொரு கப்பல பாத்து கத்தற கூப்பாடு அது, 18ஆம் நூற்றாண்டுலயே எழுத்துல வந்தாச்சு, அதுக்குள்ள இருக்கற ஹோய் அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடியே இருக்கு. ஹலோங்கற இந்த ஸ்பெல்லிங் அச்சுல தலைகாட்டறதே 1820கள்லதான். ஆனா அதோட சொந்தக்காரங்க ஹல்லோ, ஹல்லூ, ஹொல்லோன்னு ரொம்ப காலமாவே இருந்திருக்காங்க, வேட்டைநாய உசுப்பி விடறதுக்கு, தூரத்துல போறவன கூப்பிடறதுக்கு, ஆத்துக்கு அந்தப்பக்கம் இருக்கற படகுக்காரன கூப்பிடறதுக்குன்னு எல்லாமே கத்தற வேலைதான்.

அர்த்தம்னு பாத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே இல்ல, ரெண்டுமே வணக்கம் கிடையாது. இத கவனிக்காமதான் நிறைய பேர் எழுதறாங்க. போன் வர்றதுக்கு முன்னாடி ஹலோன்னா "ஏய் இங்க பாரு", இல்லன்னா "அடடே இதென்ன இது"ங்கற ஆச்சரியம், அவ்ளோதான். நாம கோவத்துல "ஹலோ மிஸ்டர், க்யூ இருக்கறது தெரியலையா"ன்னு கேக்கறோமே, அந்த ஹலோதான் பழைய ஒரிஜினல், போன்ல நாம பவ்யமா சொல்றதெல்லாம் பின்னாடி வந்தது. நாமளே தெரியாம பழசையும் புதுசையும் ஒரே வார்த்தைல வச்சு ஓட்டிட்டு இருக்கோம்.

அப்ப ஒரு கத்தல் எதுக்கு போனுக்கு தேவப்பட்டுச்சுன்னு கேட்டா, ஆரம்பத்துல போன்ல மணியே கிடையாது. ரெண்டு ஆபீசுக்கு நடுவுல ஒரு கம்பி இழுத்து லைன எந்நேரமும் திறந்தே வச்சிருப்பாங்க, இந்தப்பக்கம் ஆள் வந்து பேசினா அந்தப்பக்கம் மேசைல வேலையா இருக்கறவனுக்கு எப்படி தெரியும்? 1877 ஆகஸ்ட் 15ஆம் தேதி எடிசன், பிட்ஸ்பர்க்ல இருந்த ஒரு தந்தி கம்பெனித் தலைவருக்கு லெட்டர் போடறாரு, தனியா மணியெல்லாம் வேணாம், ஹலோன்னா 10லேருந்து 20 அடி வரைக்கும் கேக்கும்னு. அதாவது ஹலோ வேலைக்கு சேர்ந்ததே மணிக்கு பதிலாத்தான். எடிசனுக்கும் காது மந்தம், அவரு எவ்ளோ சத்தமா சொல்லிப் பாத்திருப்பாருன்னு நினைச்சா சிரிப்பு வருது.

சத்தம்னு வந்தா என் ஓட்டு அஹாய்க்குத்தான். சந்தேகம்னா சொல்லிப் பாருங்க, அஹாய் சொல்லும்போது வாய் முதல்லயே திறந்துடும். ஹலோல அந்த ஹ வெறும் காத்து, லைன் கொஞ்சம் மோசமா இருந்தா காத்து போயிடும், நமக்கு கேக்கறது வெறும் "லோ... லோ..."தான். லிஃப்ட்டுக்குள்ள நின்னுட்டு நானே எத்தன தடவ லோ லோன்னு கத்தியிருக்கேன். அப்படி இருந்தும் அஹாய் தோத்துச்சு.

ஏன் தோத்துச்சுன்னா, என் கணக்குல ஜெயிக்க வச்சது டெலிபோன் எக்ஸ்சேஞ்சுதான், அதாவது யார் லைன யாரோட சேக்கணுமோ சேத்து விடற எடம், வார்த்தையோட அழகெல்லாம் ஒண்ணும் இல்ல. 1878 ஜனவரில அமெரிக்கால நியூ ஹேவன்ல வணிக ரீதியான முதல் எக்ஸ்சேஞ்சு, 21 சந்தாதாரரோட. அதே வருஷக் கடைசில அவங்க போட்ட டைரக்டரில போன்ல எப்படி பேசணும்னு பாடமே எடுத்திருக்காங்க, ஆரம்பிக்கும்போது "ஹல்லோவா" சொல்லு, மூணு நிமிஷத்துக்கு மேல லைன பிடிச்சுக்காதன்னு. போன்ங்கறதே என்னன்னு தெரியாத ஜனத்துக்கு புக்ல போட்டதுதான் சட்டம். அதே 1878ல பாஸ்டன்ல எம்மா நட்னு ஒருத்தங்க முதல் பெண் ஆபரேட்டரா சேர்றாங்க, அப்புறம் அந்த வேலைக்கு வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் பேரே ஹலோ கேர்ள்ஸ்னு ஆகிடுச்சு. முதல் உலகப் போர்ல பிரான்சுல அமெரிக்க ராணுவத்துக்கு டெலிபோன் ஸ்விட்ச்போர்டு பாத்த 200க்கு மேல பொண்ணுங்களுக்கும் இதே பேருதான். "அஹாய் கேர்ள்ஸ்"னு சொன்னா கடற்கொள்ளைக் கும்பல் மாதிரி இருந்திருக்கும்!

மூணாவது போட்டியாளர்னு பிரிட்டன்ல "ஆர் யூ தேர்"னு கேக்கற பழக்கம் கொஞ்ச காலம் ஓடிச்சு. மரியாதையா இருந்தாலும் ரொம்ப நீளம்.

ஹலோவுக்கு எதிரிங்களும் உண்டு. 1997ல டெக்சாஸ்ல க்ளேபர்க் கவுண்டில, ஹலோக்குள்ள ஹெல் இருக்கு, அதனால இனிமே ஹெவன்-ஓன்னு சொல்லுங்கன்னு தீர்மானமே போட்டாங்க. நரகத்துக்கும் ஹலோவுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஹாய்ங்கறது ஹலோவோட சுருக்கம்னு சொல்றதும் இதே ரகம்தான், ஹாய் தனி ஆளு, ஹலோவ விட வயசுல மூத்தது.

இப்ப ஹலோவுக்கே வேல குறைஞ்சு போச்சு. கூப்பிடறது யாருன்னு ஸ்க்ரீன்லயே பேர் வந்துடுது, எடுத்தவுடனே "சொல்லு மச்சான்"தான், ஹலோவெல்லாம் தெரியாத நம்பருக்கு மட்டும். ஸ்பெயின்காரங்க பல காலமாவே போன எடுத்தா "தீகா"ம்பாங்க, அதுக்கும் அர்த்தம் சொல்லுங்கதான்.

அஹாய் ஒரேயடியா செத்துப் போச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. செக், ஸ்லோவாக் மொழி பேசறவங்க இன்னிக்கும் ரோட்ல ஃப்ரெண்ட பாத்தா "அஹோய்"தான், வரும்போதும் அதான், கிளம்பும்போதும் அதான். கப்பல்காரன் கூப்பாடு போய் குடியேறினது ரெண்டு நாட்டுல, ரெண்டுக்குமே கடல் கிடையாது.