வக்கீல் ஆபீஸ் கணக்குக்கு டேலி பிரைம் போதுமா?

சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு மாடிகளில் கூட்டாக ஆபீஸ் நடத்தும் வக்கீல்களிடம் கணக்கு என்று கேட்டால், டேலி என்ற கணக்கு மென்பொருளைக் காட்டுவார்கள், இல்லாவிட்டால் குமாஸ்தாவின் நோட்டை. கேஸ் இல்லாமல் மூடும் ஆபீஸைவிட, கேஸ் குவிந்திருந்தும் கையில் காசில்லாமல் மூடும் ஆபீஸ்தான் கவனிக்க வேண்டியது. அந்த நிலை வருவதை டேலி பிரைம் முன்கூட்டியே காட்டுமா? பாதி காட்டும், அதுவும் ஒழுங்காக அமைத்தால்.

இதில் உருப்படியான வசதி பாக்கிப் பட்டியல். கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் சன்ட்ரி டெப்டார்ஸின் (நமக்குப் பணம் தரவேண்டியவர்கள்) கீழ் ஒரு லெட்ஜர் (தனிக் கணக்கு) திறந்து, பில்வாரிக் கணக்கு என்ற தேர்வை 'எஸ்' ஆக்கிவிடுங்கள். வழக்குக்கு ஒரு காஸ்ட் சென்டர், அதாவது அதன் வரவு செலவைத் தனியாகப் பார்க்க ஒரு தலைப்பு. பாக்கி எத்தனை நாள் பழையது என்று காட்டும் ஏஜிங் அறிக்கையில் 30, 90, 180, 900 நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். 900 ஏன் என்றால், ஃபீஸ் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு, 900 நாள் தாண்டினால் அது நெருங்கிவிட்டது. அந்தக் கட்டத்தில் விழுந்த பில்லுக்குக் கட்சிக்காரரிடம் கையெழுத்தோடு பாக்கி ஒப்புதல் வாங்கிவிட்டால், கெடு அன்றிலிருந்து புதிதாக ஓடும். கேஸ் கட்டைப் பிடித்துவைத்து வசூலிக்கும் பழைய வித்தை செல்லாது. ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் கட்டை நிறுத்திவைக்க முடியாது என்று ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லோரும் சறுக்கும் இடம் டிடிஎஸ், அதாவது பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக்கொள்ளும் வருமான வரி. ஒரு கம்பெனிக்கு 1,00,000 ரூபாய் பில் போட்டால், 10 சதவீதம் பிடித்துக்கொண்டு 90,000 அனுப்புவார்கள். வந்ததை மட்டும் ரசீதாக ஏற்றினால், மீதி 10,000 வராக்கடன் போலப் பட்டியலில் கிடந்துகொண்டே இருக்கும். அதே பில் எண்ணுக்கு எதிராக ஜர்னலில் (பணம் கைமாறாத பதிவு) 'டிடிஎஸ் வரவேண்டியது' என்று ஏற்றினால்தான் பில் முடியும். வாடகையிலும் ஒரு கண்ணி. ஜிஎஸ்டி பதிவுள்ள உரிமையாளர் 40,000 வாடகைக்கு 7,200 வரி சேர்த்து வாங்குவார். கம்பெனிகளுக்குச் செய்யும் வேலைக்கான வரியை அந்தக் கம்பெனியே கட்டுவதால், வக்கீலால் இந்த 7,200-ஐக் கழித்துக்கொள்ள முடியாது. முழு 47,200-உம் செலவுதான்.

கட்சிக்காரர் பணத்துக்கு டேலியில் தனிப் பெட்டி எதுவும் தயாராக இல்லை. நாம்தான் கட்ட வேண்டும். கரன்ட் லயபிலிட்டீஸின் (நாம் தரவேண்டியவை) கீழ் 'கட்சிக்காரர் பணம்' என்று ஒரு குரூப், அதற்குள் ஆளுக்கொரு லெட்ஜர், அதற்கென்று தனி வங்கிக் கணக்கு. கோர்ட் ஃபீ, டெபாசிட் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். மாதக் கடைசியில் குரூப்பின் மொத்தமும் வங்கி இருப்பும் ஒத்துப்போக வேண்டும். இருப்பு குறைந்தால் ஆபீஸ் வாடகையோ சம்பளமோ அங்கிருந்து போயிருக்கிறது என்று பொருள். இதைவிட மோசமான அறிகுறி கிடையாது. லண்டனில் 2023-இல் மூடப்பட்ட ஆக்ஸியம் இன்ஸ் என்ற வக்கீல் நிறுவனத்தில் காணாமல் போனது 6 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கட்சிக்காரர் பணம்.

டேலி கைவிடும் இடம், முடித்தும் பில் போடாத வேலை. வழக்கு டைரி இதில் கிடையாது. வவுச்சர் (பதிவுச் சீட்டு) இல்லாத எதுவும் இதன் கண்ணில் படாது. பேங்கின் வக்கீல் பட்டியலில் (பேனல்) இருந்து செய்யும் வேலையில் நோட்டீஸ், தாக்கல், விசாரணை என்று கட்டத்துக்கொரு ஃபீஸ் இருந்தால், பில் போட மறந்த கட்டங்களிலேயே பெரும் தொகை முடங்கும். அதற்குத் தனி ஷீட் வைத்தே ஆக வேண்டும்.

லாப நட்டக் கணக்கோ, பில் போட்ட அன்றே அதை வருமானமாகக் காட்டும். அதைப் பார்த்துப் பங்குதாரர்கள் பணம் எடுத்தால், வராத காசை எடுத்ததாக ஆகும். வங்கி ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுக்கும் கடன்) அந்த ஓட்டையை அடைக்கும். நியூயார்க்கின் டூவி அண்ட் லெபூஃப் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வக்கீல்களைக் கொண்டிருந்த நிறுவனம். வசூல் எப்படி இருந்தாலும் இவ்வளவு தருகிறோம் என்று பல பங்குதாரர்களுக்கு வாக்குக் கொடுத்து, கடனும் சேர்ந்து, 2012 மே மாதம் திவால் மனு போட்டது. எனவே ஒவ்வொரு பங்குதாரருக்கும் போட்ட முதலுக்கு ஒரு லெட்ஜர், எடுப்புக்கு ஒரு லெட்ஜர் என்று பிரியுங்கள். மாத எடுப்புக்கு உச்சவரம்பு, அந்த மாத ரசீதில் செலவு போக மிஞ்சியது.

நெருக்கடி வந்தே விட்டால் முதலில் நிறுத்த வேண்டியது எடுப்பு, அடுத்துச் செய்ய வேண்டியது, பில் போடாத வேலைக்குப் பில் போடுவது. கடன் கேட்டு ஓடுவது அதற்கும் பிறகு. சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் முழுக் கடனுக்கும் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. கலைக்கும்போது முதலில் வெளிக்கடன், பிறகு பங்குதாரர் கொடுத்த கைமாற்று, கடைசியில்தான் அவர்கள் போட்ட முதல். லெட்ஜர்கள் கலந்து கிடந்தால் இந்த வரிசையைப் பிரிக்கவே ஆடிட்டருக்கு நாளாகும். திவால் என்று போனால், சென்னைக்குள் இன்னும் 1909-ஆம் ஆண்டின் பிரசிடென்சி நகரங்கள் திவால் சட்டம்தான், மனு போவது பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கே. அன்றைக்கு யார் எந்த வவுச்சரை எப்போது திருத்தினார் என்ற சண்டை நிச்சயம் வரும், ஆகவே எடிட் லாக் வசதியை முதல் நாளே போட்டுவையுங்கள். கணக்கர் ஒருவர் மட்டும் உட்காரும் ஆபீஸுக்கு டேலி பிரைமின் சில்வர் பதிப்பு போதும். கோல்டு, பல கணினிகளில் ஒரே நேரத்தில் ஏற்றுபவர்களுக்கு.