அட்ரினலின் பேனா: வாங்குமுன் படியுங்கள்

என் மகளுக்குத் தேனீ கொட்டினால் ஒத்துக்கொள்ளாது. அதற்காக டாக்டர் எழுதிக்கொடுத்த அட்ரினலின் ஆட்டோ இன்ஜெக்டரோடு (கடும் அலர்ஜி வந்தால் நாமே உடனே போடும் பேனா வடிவ மருந்து ஊசி), ஊசியும் மருந்தும் இல்லாத பயிற்சிப் பேனா ஒன்றும் வந்தது. அதற்கே முழு மதிப்பெண் தருவேன்.

மூடியைக் கழற்றி, முஷ்டியில் பிடித்து, தொடையின் வெளிப்பக்க நடுவில் அழுத்தினால் 'டக்'கென்று சத்தம் வரும். உடனே எடுத்துவிடக் கூடாது. எங்களுடையதை 3 விநாடி அப்படியே அழுத்திப் பிடிக்க வேண்டும், சிலவற்றுக்கு 10. துணி மேலேயே போடலாம். கட்டைவிரல் மட்டும் எந்த நுனியிலும் படக் கூடாது. பாட்டி உட்பட வீட்டில் எல்லோரும் பழகிவிட்டோம்.

குறை என்றால் கையேடுதான். எப்படிப் போடுவது என்பதற்குப் பெரிய படம், எப்போது போடுவது என்பதோ பொடி எழுத்தில்! உயிரைக் காப்பது அதுதானே? கொட்டிய கொஞ்ச நேரத்தில் மூச்சு இழுத்தாலோ, தொண்டை அடைத்துக் குரல் கம்மினாலோ, தலைசுற்றி மயக்கம் வந்தாலோ உடனே போட்டுவிட வேண்டும். தோலில் தடிப்பே இல்லாமலும் இப்படி வரலாம். அலர்ஜி மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். அது அரிப்பைக் குறைக்கும், மூச்சுத் திணறலை நிறுத்தாது.

போட்டதும் ஆம்புலன்ஸை அழையுங்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரலாம், எழுந்து நடக்க மட்டும் விடாதீர்கள். 5 நிமிடத்தில் தேறவில்லையென்றால் இன்னொரு பேனா தேவைப்படும். அதனால் வாங்கும்போதே இரண்டாக வாங்குங்கள்.

அப்புறம், ஃபிரிட்ஜிலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்க வேண்டாம்.