பேட்சை மேலே அனுப்ப: மின்னஞ்சலா, புல் ரிக்வெஸ்டா, கெரிட்டா?

திறமூல மென்பொருளை லினக்ஸ் விநியோகத்துக்குப் பொதியாக்கித் தரும் பராமரிப்பவர் கையில் எப்போதும் நாலைந்து சொந்தப் பேட்ச்கள் (நிரலில் செய்த சிறு திருத்தங்கள்) தேங்கிக் கிடக்கும். மேலே, அதாவது மென்பொருளை எழுதும் மூலத் திட்டத்துக்கு (அப்ஸ்ட்ரீம்), அனுப்ப நேரமில்லை, நம்மிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவோம். நான் முதலில் கழிக்கும் வழி இதுதான். 2006-இல் டெபியன் லினக்ஸின் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்கப் பொதியில், வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை காட்டும் கருவியின் எச்சரிக்கையை அடக்க இரண்டு வரிகளை முடக்கினார்கள். அதோடு தற்போக்கு எண்களுக்கு மிஞ்சிய ஒரே வேறுபாடு ப்ராசஸ் எண். அது வழக்கமாக 32,768-ஐத் தாண்டாது, ஆகவே அதில் உருவான சாவிகளை ஊகித்துவிடலாம். 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. இத்தனைக்கும் அப்ஸ்ட்ரீமிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார்கள். ஆனால் கேள்வி கேட்பது வேறு, பேட்சை மறுஆய்வுக்கு வைப்பது வேறு.

சரி, அனுப்புவது என்று முடிவானால் எந்த வழி? அதைத் தீர்மானிப்பது நாமல்ல, அந்தத் திட்டம். ஆனாலும் ஒவ்வொன்றும் நம்மிடம் கேட்கும் உழைப்பு வேறு.

லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) இன்றும் மின்னஞ்சலில்தான் பேட்ச் வாங்குகிறது. நுழைவதற்குள் வியர்த்துவிடும். என் முதல் பேட்சை இணைய மின்னஞ்சல் பெட்டியில் ஒட்டி அனுப்பினேன். அது டேப்களை எல்லாம் ஸ்பேஸாக்கிவிட, ‘அப்ளை ஆகவில்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நிரலின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட்டின் சென்ட்-ஈமெயில் கட்டளையைப் பயன்படுத்தினால் அந்தத் தொல்லை இல்லை. யாருக்கு அனுப்புவது என்பதை கெர்னலோடு வரும் கெட்-மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லிவிடும். எனக்கு மிகப் பிடித்தது பேட்சில் வரும் ‘---’ கோடு. கோட்டுக்கு மேலே இருப்பது கமிட் செய்தி (கிட்டில் பதிவாகும் மாற்றத்தின் விளக்கம்), வரலாற்றில் நிற்கும். கீழே ‘இரண்டாம் பதிப்பில் பூட்டை விடுவிக்கும் இடத்தை மாற்றினேன்’ என்று எழுதலாம். படிப்பவருக்கு உதவும், கமிட்டில் ஏறாது. குறை என்னவென்றால், எந்தப் பதிப்பு கடைசி, யார் பதில் தரவேண்டும் என்பதை நாமே நினைவில் வைக்கவேண்டும்.

புல் ரிக்வெஸ்டில் இந்தச் சிரமமே இல்லை. கிட்ஹப் போன்ற தளத்தில் நம் மாற்றங்கள் உள்ள கிளையைத் தள்ளி, சேர்த்துக்கொள்ளக் கேட்டால் போதும். சோதனைகள் ஓடும், நிலவரம் கண்ணெதிரே தெரியும். ஆனால் வசதியே வினையாகிறது. நல்ல விளக்கமெல்லாம் புல் ரிக்வெஸ்ட் பெட்டியில் தங்கிவிட, கமிட்டில் ‘ஃபிக்ஸ்’ என்று ஒரு சொல் மட்டும் இருக்கும். ஐந்து வருடம் கழித்து, ஒரு வரியை எந்தக் கமிட் மாற்றியது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்ப்பவருக்குக் கிடைப்பது அந்த ஒரு சொல்தான். அப்புறம் ‘ரிவ்யூ திருத்தம்’, ‘மறுபடி திருத்தம்’ என்று கமிட்கள் வால் மாதிரி நீளும். அவற்றை ரீபேஸ் செய்து (வரலாற்றைத் திருத்தி எழுதி) சுருக்கி, பழையதன் மேல் ஃபோர்ஸ் புஷ் செய்தால், ஏற்கெனவே படித்தவர் எது மாறியது என்று தேடவேண்டும். கிட் 2.19-இல் வந்த, இரண்டு பதிப்புகளை ஒப்பிடும் ரேஞ்ச்-டிஃப் கட்டளையின் வெளியீட்டை ஒரு கருத்தாகப் போட்டுவிட்டால் அவருடைய நேரம் மிச்சம்.

ஆண்ட்ராய்டும் க்யூடியும் நம்பியிருக்கும் கெரிட் என்ற மறுஆய்வுத் தளத்தில் ஒரு கமிட்டுக்கு ஒரு மறுஆய்வு. கமிட் செய்தியில் இருக்கும் சேஞ்ச்-ஐடி என்ற அடையாளம் மாறாதவரை, அமெண்ட் செய்து (அதே கமிட்டைத் திருத்தி) எத்தனை முறை அனுப்பினாலும் அதே பக்கத்தில் அடுத்த பதிப்பாகச் சேரும். இரண்டாம் பதிப்பையும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மறுஆய்வின் தரத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர் கணக்கு தொடங்கி, சேஞ்ச்-ஐடியைத் தானாகச் சேர்க்கும் ஹூக் நிறுவுவதற்குள் திரும்பிப் போய்விடுவார்.

எங்கே அனுப்பினாலும் நான் பேட்சை மின்னஞ்சலுக்கு எழுதுவது போலவே எழுதுகிறேன்: ஒரு கமிட்டில் ஒரு மாற்றம், காரணம் செய்தியிலேயே. நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறும் சைன்ட்-ஆஃப்-பை வரி வேண்டுமா, உரிம ஒப்பந்தத்தில் கையெழுத்து வேண்டுமா என்பதை மட்டும் முதலிலேயே பார்த்துவிடுவேன். அலுவலக நேரத்தில் எழுதிய நிரல் என்றால் முதலாளியின் அனுமதியும் வேண்டியிருக்கலாம்.

அப்ஸ்ட்ரீம் மறுத்துவிட்டால் பேட்ச் பொதியிலேயே இருக்கட்டும். டெபியன் பேட்ச் தலைப்பில் ‘ஃபார்வர்டட்’ என்று ஒரு புலம் உண்டு. விவாதம் நடந்த முகவரியை அதில் போட்டுவைத்தால், அடுத்துப் பராமரிக்க வருபவர் அதே பேட்சை மறுபடி தூக்கிக்கொண்டு போகமாட்டார்.