மதுரையின் வரலாற்று நாட்காட்டி: ஆதாரத்தில் கறார், தேதியில் தடுமாற்றம்

மதுரையின் வரலாற்று ஆர்வலர்கள் சிலர் கூடி நடத்தும் இணைய நாட்காட்டி ஒன்றைச் சில காலமாகக் கைபேசியில் பயன்படுத்தி வருகிறேன். இதற்கெனத் தனிச் செயலி எதுவும் வேண்டாம். அவர்கள் தரும் இணைப்பை நம்மிடம் ஏற்கெனவே உள்ள நாட்காட்டியில் சேர்த்துவிட்டால், மின்கட்டணத்தின் கடைசி நாளுக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் நடுவே, முன்பொரு காலத்தில் அதே தேதியில் இவ்வட்டாரத்தில் நடந்த நிகழ்வும் வந்து நிற்கிறது. கட்டணமும் இல்லை, விளம்பரமும் இல்லை. பதிவுகளில் பெரும்பகுதி வாசகர்கள் அனுப்பியவை.

ஜூலை 8ஆம் தேதியைத் திறந்து பார்த்தாலே இம்முயற்சியின் தரம் விளங்கிவிடும். 1939இல் அந்நாளில் அ. வைத்தியநாத ஐயர், அதுவரை கோயிலுக்குள் விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் சென்ற ஆலய நுழைவு மூன்றே வரிகளில் சொல்லப்பட்டிருக்கிறது. அதன் கீழே, அப்போது கோயிலின் நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர். எஸ். நாயுடுவின் பங்கை ஒருவர் சேர்த்திருக்கிறார். ராஜாஜி அரசு உடனடியாக அவசரச் சட்டம் பிறப்பித்து அதிகாரிகளுக்குப் பாதுகாப்பளித்ததை இன்னொருவர் எழுதியிருக்கிறார். மேலூரை அடுத்த தும்பைப்பட்டி கக்கனின் சொந்த ஊர் என்பதை நினைவூட்டி, அவ்வூர்க்காரர் ஒருவர் படமும் அனுப்பியிருக்கிறார். பாடநூலில் ஒரு வாக்கியமாகக் கடந்துபோகும் செய்தி இங்கே பலர் கைபட்டு வளர்ந்திருக்கிறது.

இப்படி வளர்வதைக் கட்டுக்குள் வைத்திருப்பது அவர்களுடைய படிவம். ஆதாரம் என்ற கட்டத்தை நிரப்பாமல் எதையும் அனுப்ப முடியாது. வீட்டுப் பெரியவர் சொன்னது என்று எழுதினாலும் தள்ளிவிடுவதில்லை. ஆனால் அப்பதிவு வேறு நிறத்தில், ‘வாய்மொழி’ என்ற குறியுடன்தான் வெளிவரும். நேரடியாகத் திருத்தும் உரிமை தொகுப்பாளர்களுக்கு மட்டுமே உண்டு. இணைப்பு கிடைத்தவர்கள் எல்லாரும் அழிக்கவும் மாற்றவும் முடிகிற பொது நாட்காட்டிகள் என்ன கதிக்கு ஆளாகின்றன என்பதை அறிந்தவர்கள் இந்தக் கெடுபிடியைக் குறை சொல்ல மாட்டார்கள். காந்தி அரையாடைக்கு மாறிய நிகழ்வை ஒருவர் 1921 செப்டம்பர் 21இலும் மற்றொருவர் 22இலும் பதிந்திருந்தனர். இரவில் மேலமாசி வீதி வீட்டில் எடுத்த முடிவு, மறுநாள் காலையில் அவ்வுடையோடு வெளியே வந்தது என்று இரண்டையும் இணைத்து, 22ஆம் தேதியில் ஒரே பதிவாக்கிய விதத்தில் தொகுப்பாளர்களின் பொறுமை தெரிகிறது.

நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கிய 1901 செப்டம்பர் 14, உயர் நீதிமன்றக் கிளை செயல்படத் தொடங்கிய 2004 ஜூலை 24 போன்றவற்றில் எந்தச் சிக்கலும் இல்லை. பின்னோக்கிப் போகப் போகத்தான் தடுமாற்றம். மென்பொருள் ஒரு நாளைக் கேட்கிறது. பழைய நிகழ்வுகள் பலவற்றுக்கு அப்படியொரு நாள் கிடையாது. பாண்டியர் கல்வெட்டு மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லும். நட்சத்திரமும் கிழமையும் உடனிருந்தால் கணிக்கலாம், இல்லையென்றால் ஆண்டோடு நிற்க வேண்டியதுதான். தேனூரில் நடந்துவந்த ஆற்றில் இறங்கும் விழாவைத் திருமலை நாயக்கர் மதுரைக்கு மாற்றினார் என்ற வழக்கை இந்த நாட்காட்டி ஏப்ரல் 14இல் வைத்திருக்கிறது. மதுரைக்காரர் எவரும் இதைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க மாட்டார்; அழகர் இறங்குவது சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, அது ஆண்டுதோறும் நகரும் நாள். ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கொருமுறை திரும்பி வரும்படி அமைத்தால் திருவிழாச் செய்திகள் எல்லாமே இப்படித்தான் இடறும்.

ஐரோப்பியர் எழுதிவைத்த தேதிகளிலும் கவனம் போதவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி போன்ற சேசு சபையினர் இன்று நாம் பின்பற்றும் கிரிகோரியன் முறையில் தேதியிட்டார்கள். ஆங்கிலேயர்களோ 1752 வரை பழைய ஜூலியன் முறையை விடவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் இடைவெளி பத்து நாள். எந்த முறை என்று குறிக்கப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்ப்பது பெரிய வேலையன்று. ‘ஆண்டு மட்டும்’, ‘தோராயம்’, ‘திதிப்படி’ என்ற தெரிவுகளையும் அதனுடன் சேர்த்துவிடலாம். நாள் தெரியாதவற்றை மாதத்தின் முதல் தேதியில் தள்ளிவிடும் இப்போதைய வழக்கம், விவரம் அறியாத மாணவரை நிச்சயம் ஏமாற்றும்.

இன்னொரு குறை, கோயிலைச் சூழ்ந்த மாசி வீதிகளைச் சுற்றியே பதிவுகள் குவிந்திருப்பது. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து, சில சமூகத்தினரைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப்பரம்பரைச் சட்டத்தை எதிர்த்தவர்கள்மீது 1920 ஏப்ரல் 3இல் பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டைப் பற்றி விரிவான பதிவு ஒன்று வந்திருக்கிறது; அதைப் போன்றவை திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கமிருந்தும் வர வேண்டும்.

பள்ளி ஆசிரியர்களும் சுற்றுலா வழிகாட்டிகளும் இப்போதே இதை இணைத்துக்கொள்ளலாம். 1800க்கு முந்தைய தேதிகளை மட்டும் மூலத்தோடு ஒப்பிடாமல் எடுத்தாள வேண்டாம். நாட்காட்டி முழுவதையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கும் வசதி தந்திருப்பது பாராட்டத்தக்கது; எனினும் வாசகர்கள் அனுப்பிய படங்கள் அதில் அடங்குவதில்லை. அவை தொகுப்பாளர் ஒருவருடைய சொந்தக் கணக்கில் கிடக்கின்றன. அவற்றுக்கும் ஒரு நகல் வேறிடத்தில் இருக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.