செர்ட்பாட்டோடு சில வருஷங்கள்: சான்றிதழ் வாங்குவது சுலபம், கோப்பைக் கையாள்வதுதான் வேலை

முன்பெல்லாம் ஒரு சர்வருக்கு எச்டிடிபிஎஸ் (மறையாக்கிய இணைப்பு) போட, சிஎஸ்ஆர் என்ற சான்றிதழ் விண்ணப்பக் கோப்பை உருவாக்கி அனுப்பி, ஜிப்பில் வரும் கோப்புகளில் எது முதலில், எது அடுத்து என்று பார்த்து ஒட்டவேண்டும். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் 2016-இல் முழுமையாகப் பயன்பாட்டுக்கு வந்தபின் அந்தத் தொல்லை பெருமளவு ஒழிந்தது. நான் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் ஓடும் இடங்களில், அங்கிருந்து சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் என்ற நிரலைத்தான் போடுகிறேன்.

அது 'லைவ்' ஃபோல்டரில் நான்கு பெம் கோப்புகளை வைக்கும்: செர்ட் (தளத்தின் சான்றிதழ்), செயின் (அதை வழங்கியவரின் இடைநிலைச் சான்றிதழ்), ஃபுல்செயின் (இரண்டும் சேர்ந்தது), ப்ரைவ்கீ (ரகசியச் சாவி). நான்குமே சிம்லிங்க்தான், அதாவது அசல் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி. அசல் 'ஆர்கைவ்' ஃபோல்டரில் இருக்கிறது. வேறிடத்துக்குக் காப்பி எடுத்து கான்ஃபிக்கில் காட்டினால், புதுப்பித்தபின் அந்தக் காப்பி பழசாகவே கிடக்கும். நேராக லைவையே காட்டுங்கள்.

அதிகம் பேர் மாட்டுவது ஃபுல்செயின் இருக்கவேண்டிய இடத்தில் செர்ட்டைக் கொடுத்துத்தான். பிரவுசரில் தளம் பெரும்பாலும் ஒழுங்காகத் திறக்கும். இடைநிலைச் சான்றிதழை அதுவே தேடி எடுத்துக்கொள்ளும். கட்டளை வரியிலிருந்து தளத்தை அழைக்கும் கர்ல் அப்படிச் செய்யாது. மொபைல் ஆப்களும் பல நேரம் மறுத்துவிடும். "எனக்கு வேலை செய்யுதே" என்ற சண்டை இங்கேதான் ஆரம்பிக்கும். சர்வர் அனுப்பும் சான்றிதழ்களைக் காட்டும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எஸ்_கிளையன்ட்டை ஓட்டிப் பாருங்கள்: சங்கிலியில் பூஜ்ஜியம் என்ற வரி மட்டும் வந்தால், இடைநிலைச் சான்றிதழ் போகவில்லை.

சாவியும் சான்றிதழும் ஜோடிதானா என்று மாடுலஸை (ஆர்எஸ்ஏ வகைச் சாவியில் இருக்கும் பெரிய எண்) ஒப்பிடும் பழைய வித்தை இப்போது உதவாது. செர்ட்பாட் 2.0 முதல் புதுச் சாவிகள் இசிடிஎஸ்ஏ வகை. அதில் மாடுலஸே கிடையாது. இரண்டிலிருந்தும் பொதுச்சாவியை எடுத்து ஒப்பிடுவதே சரி.

தளத்தின் ஃபோல்டரில் சோதனைக் கோப்பை வைத்து டொமைன் நம்முடையது என்று காட்டும் வெப்ரூட் முறையில் செர்ட்பாட் சான்றிதழைப் புதுப்பிக்கும், அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகும்வரை நினைவகத்தில் இருக்கும் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கும். புதுப்பித்தபின் ஓடும் டிப்ளாய் ஹூக்கில் ரீலோட் கட்டளை கட்டாயம் வேண்டும். டிஸ்க்கில் புதுச் சான்றிதழ், வெளியே காலாவதி எச்சரிக்கை என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான். லெட்ஸ் என்கிரிப்ட்டும் 2025 ஜூனோடு காலாவதி மின்னஞ்சலை நிறுத்திவிட்டது. அதனால் கண்காணிப்பு நம் பொறுப்பு. கோப்பின் தேதியைப் பார்க்காமல் எச்டிடிபிஎஸ்ஸின் 443 போர்ட்டில் வெளியே போகும் சான்றிதழைப் பாருங்கள்.

குறை ஒன்று உண்டு. எல்லா சப்டொமைன்களுக்கும் சேர்த்து வாங்கும் வைல்ட்கார்டு சான்றிதழுக்கு, டிஎன்எஸ்ஸில் ரெக்கார்டு போட்டு டொமைன் நம்முடையது என்று காட்டும் சோதனை அவசியம். நிரல் வழியாக ரெக்கார்டை மாற்ற உதவும் ஏபிஐ இல்லாத டிஎன்எஸ் என்றால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் டிஎக்ஸ்டி ரெக்கார்டைக் கையால் போடவேண்டும். 90 நாள் சான்றிதழுக்கே இது அலுப்பு. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2029 மார்ச்சில் 47 நாளாகக் குறைய இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் செர்ட்பாட்டை நிறுவுமுன் டிஎன்எஸ்ஸை ஏபிஐ உள்ள இடத்துக்கு மாற்றிவிடுவது நல்லது.