டூயல்ஷாக் 4-ஐக் கணினியோடு வைத்துக்கொண்டு சில வருடங்கள்

பிளேஸ்டேஷன் 4-க்கான டூயல்ஷாக் 4 கன்ட்ரோலரைச் சில வருடங்களாகக் கணினியில்தான் அதிகம் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் விண்டோஸ் போட்ட டெஸ்க்டாப்பில், அவ்வப்போது லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில். நடுவில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் ஒன்றும் வந்து சேர்ந்ததால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வாய்ப்புக் கிடைத்தது. இரண்டே நிமிடத்தில் இணைத்துவிடலாம் என்று காட்டும் வீடியோக்கள் ஏராளம். பொய்யில்லை, இணைந்துவிடும். கொஞ்ச நாள் கழித்து, முக்கியமான சண்டையின் நடுவில், விரலை எடுத்த பிறகும் கதாநாயகன் தன் பாட்டுக்குச் சுவரில் முட்டிக்கொண்டே ஓடுவானே, அதைப் பற்றித்தான் அங்கே பேச்சே இருக்காது.

இணைக்கும் வேலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். கன்ட்ரோலர் அணைந்திருக்கும்போது ஷேர் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். சில விநாடிகளில் முன்பக்க விளக்கு படபடவென்று சிமிட்டத் தொடங்கும். அப்போது விண்டோஸின் புளூடூத் பட்டியலில் பிராண்ட் பெயர் எதுவும் இல்லாமல் வெறுமனே 'வயர்லெஸ் கன்ட்ரோலர்' என்று ஒன்று தெரியும். அதுதான் நம்முடையது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: டூயல்ஷாக் 4 ஒரு நேரத்தில் ஒரே ஒரு கருவியைத்தான் நினைவில் வைத்திருக்கும். கணினியோடு சேர்த்தால் கன்சோலை மறந்துவிடும். மறுபடி கன்சோலில் ஆட வேண்டுமென்றால் கேபிளில் செருகி பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தியதும் கணினியை மறந்துவிடும். இரண்டிலும் மாறி மாறி ஆடுகிறவர்கள் கணினிக்கென்று தனியாக ஒன்றை ஒதுக்கிவிடுவது நல்லது.

சரி, இணைந்துவிட்டது. கேமைத் திறந்தால் எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. பலரும் கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். கெட்டிருக்காது. 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது கன்ட்ரோலரும் கேமும் பேசிக்கொள்ள எக்ஸ்இன்புட் என்ற புது முறையையும் விண்டோஸுக்கு மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. அதற்குப் பின் வந்த விண்டோஸ் கேம்களில் பெரும்பாலானவை அந்த முறையைத்தான் எதிர்பார்க்கின்றன. டூயல்ஷாக் 4-க்கு அது தெரியாது. ஆகவே நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை.

நான் நீண்ட நாள் வைத்திருந்தது டிஎஸ்4விண்டோஸ் என்ற இலவச மென்பொருள். அது டூயல்ஷாக்கின் அசைவுகளை வாங்கிக்கொண்டு, எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் ஒன்று செருகியிருப்பதாகக் கணினியிடம் சொல்லும். விளக்கின் நிறம், டச்பேடை மவுஸாக்குவது, சும்மா இருந்தால் எத்தனை நிமிடத்தில் அணைய வேண்டும் என்பது வரை எல்லாவற்றையும் அதில் மாற்றலாம். அதன் அடியில் இருந்து வேலை செய்யும் விஜெம்பஸ் என்ற டிரைவரின் பராமரிப்பை 2023-இல் நிறுத்திவிட்டார்கள். என் கணினியில் அது இன்னும் ஓடுகிறது. இருந்தாலும் புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் ஸ்டீமைத்தான், அதாவது கணினி கேம்களை விற்கும் அந்த மென்பொருளைத்தான், சொல்வேன். 2016 இறுதியிலிருந்து டூயல்ஷாக் 4-ஐ ஸ்டீம் நேரடியாகவே ஏற்றுக்கொள்கிறது. வேறு இடத்தில் வாங்கிய கேமைக்கூட ஸ்டீம் நூலகத்தில் சேர்த்து அங்கிருந்து திறந்தால் பெரும்பாலும் கன்ட்ரோலர் வேலை செய்துவிடும்.

இரண்டையும் ஒன்றாக ஓட விடாதீர்கள். இந்த வரிக்காகவே இவ்வளவையும் எழுதலாம். இரண்டு பேர் ஒரே பேச்சை ஒரே நேரத்தில் மொழிபெயர்த்தால் கேட்கிறவன் எல்லாவற்றையும் இரண்டு முறை கேட்பான். மெனுவில் ஒருமுறை கீழே தட்டினால் இரண்டு வரி தாண்டும். 'ஆம்' என்று அழுத்தினால் அடுத்து வரும் கேள்விக்கும் சேர்த்து 'ஆம்' விழுந்துவிடும். சேமித்த ஆட்டத்தை அழிக்கலாமா என்று கேட்கும் திரையில் இது நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒரே ஒரு மென்பொருள் ஓடினாலும் சில சமயம் இப்படி ஆவதுண்டு. அசல் கன்ட்ரோலரும் அதன் போலி எக்ஸ்பாக்ஸ் உருவமும் இரண்டுமே கேமின் கண்ணுக்குப் படுவதால் வருவது அது. அசலை மறைப்பதற்கென்றே ஹிட்ஹைட் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. சந்தேகம் வந்தால் விண்டோஸின் ரன் பெட்டியில் ஜாய் டாட் சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். கணினிக்கு எத்தனை கன்ட்ரோலர் தெரிகிறது என்று ஒரு சின்னப் பெட்டி காட்டிவிடும். கையில் ஒன்று, பட்டியலில் இரண்டு என்றால் விஷயம் புரிந்துவிடும்.

இன்னொரு சில்லறைத் தொல்லையும் உண்டு, ஆனால் தினமும் குத்தும். திரையில் 'எக்ஸ் அழுத்து' என்று வரும். எக்ஸ்பாக்ஸில் எக்ஸ் இடப்பக்கப் பட்டன். டூயல்ஷாக்கில் பெருக்கல் குறி போட்ட பட்டன் கீழே இருக்கிறது. கட்டைவிரல் தானாகக் கீழே போகும், ஓட வேண்டியவன் குதிப்பான். சில கேம்களில் பட்டன் படங்களைப் பிளேஸ்டேஷன் பாணிக்கு மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் பழகிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

இனி அந்தச் சுவரில் முட்டும் கதாநாயகன். புளூடூத் தொடர்பு ஒரு நொடி அறுந்தால், கடைசியாக வந்த தகவலே இன்னும் உண்மை என்று கணினி எடுத்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் குச்சியை முன்னால் தள்ளியிருந்தால், தொடர்பு திரும்பும் வரை ஆள் முன்னாலேயே போய்க்கொண்டிருப்பான். என் டெஸ்க்டாப்பில் இது சில நாட்கள் அடிக்கடி நடக்கும், சில நாட்கள் நடக்கவே நடக்காது. டிரைவரை அழித்துப் போட்டும், கன்ட்ரோலரை நீக்கிச் சேர்த்தும் எந்த மாற்றமும் இல்லை. கடைசியில் ஒரு வழியாகக் காரணம் பிடிபட்டது: பின்பக்க யூஎஸ்பி 3.0 போர்ட்டில் வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் நாட்களில்தான் கோளாறு. அதற்கு ஒட்டிய போர்ட்டில் புளூடூத் டாங்கிள், அதாவது கணினிக்குப் புளூடூத் தரும் சின்ன யூஎஸ்பி துண்டு.

இது என் வீட்டுக் கணினிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. யூஎஸ்பி 3.0-இல் தகவல் ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கசியும் என்று 2012-இல் இன்டெல் ஓர் ஆவணமே வெளியிட்டது. புளூடூத்தும் அதே 2.4-இல்தான் பேசுகிறது. மருந்து மிக எளிது: ஒரு யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள். டாங்கிளைக் கணினியின் முதுகிலிருந்து பிரித்து, மேசை மேல் கன்ட்ரோலர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்தேன். அன்றோடு அந்த ஓட்டம் நின்றது. டெஸ்க்டாப் மதர்போர்டிலேயே புளூடூத் இருக்கிறது என்பவர்கள் பின்னால் ஆன்டெனாவைத் திருகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். வைஃபை வேண்டாம், லேன் கேபிள் போதும் என்று அந்த ஆன்டெனாவைப் பெட்டியிலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. புளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும். புளூடூத் ஹெட்ஃபோனையும் கன்ட்ரோலரையும் ஒரே டாங்கிளில் ஓட்டினால் இரண்டில் ஒன்று திணறும். நான் ஹெட்ஃபோனை வயருக்கு மாற்றிவிட்டேன்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் பக்கம் வந்தால் மொழிபெயர்ப்புத் தலைவலியே கிடையாது, விண்டோஸுக்கு அது சொந்தப் பிள்ளை. ஆனால் பழையது வாங்குகிறவர்கள் ஏமாற வாய்ப்பு அங்கேதான் அதிகம். 360-இன் வயர்லெஸ் கன்ட்ரோலரில் புளூடூத் இல்லை, அதற்கென்று தனி ரிசீவர் வேண்டும். அதற்கான சார்ஜ் கேபிளைச் செருகினாலும் பயனில்லை. அதில் மின்சாரம் மட்டுமே போகும், தகவல் போகாது. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்ததிலும் புளூடூத் இல்லை. 2016-இல் ஒன் எஸ்ஸோடு வந்ததிலிருந்துதான் உண்டு. பார்த்த உடனே கண்டுபிடிக்க ஒரு வழி: நடுவில் உள்ள லோகோ பட்டனைச் சுற்றிய பிளாஸ்டிக், முகப்பின் அதே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல் விளிம்பில் உள்ள பம்பர் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடும் வீடென்றால் எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் வாங்குவதில் அர்த்தமிருக்கிறது, ஒன்றில் எட்டு கன்ட்ரோலர் வரை இணையும். தனியாக ஆடுகிறவனுக்குப் புளூடூத்தே போதும். கன்ட்ரோலரில் ஹெட்ஃபோன் செருகினால் புளூடூத்தில் சத்தம் வராது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

லினக்ஸில் டூயல்ஷாக் 4-க்கு டிரைவர் தேடி அலையவே வேண்டாம், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-இன் கன்ட்ரோலரான டூயல்சென்ஸுக்கான டிரைவரை 2021-இல் 5.12 கெர்னலுக்குச் சோனியே எழுதிக் கொடுத்தது. என் பழைய லேப்டாப்பில் இணைத்த மறுநொடியே எல்லாம் வேலை செய்தது, கொஞ்சம் அதிகமாகவே. டச்பேட் மவுஸாகிவிடும், விரல் பட்டால் அம்புக்குறி திரையில் அலையும். அசைவு உணரியும் தனி ஜாய்ஸ்டிக் போலப் பட்டியலில் நிற்பதால், பழைய கேம் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டு கேமராவைச் சுழற்றிக்கொண்டே இருந்தது. கேமின் அமைப்பில் சரியான சாதனத்தைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் அடங்கியது.

பேட்டரி டூயல்ஷாக்கின் பலவீனம். 1000 மில்லியாம்ப் மணிதான் அதன் கொள்ளளவு, அந்த விளக்கும் அதிலிருந்தே தின்கிறது. ஒளியைக் குறைத்து, தானாக அணையும் நேரத்தையும் குறைத்து வைத்திருக்கிறேன். இரண்டு ஏஏ பேட்டரி போடும் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல், தீர்ந்தால் மாற்றிப் போட்டுவிட்டு ஆட்டத்தைத் தொடரலாம். டூயல்ஷாக்கை மைக்ரோ யூஎஸ்பியில் செருகியும் ஆடலாம், ஆனால் பழைய பவர்பேங்கோடு வந்த கேபிள்களில் பல சார்ஜுக்கு மட்டுமானவை. சார்ஜ் ஏறுகிறது, கணினிக்குக் கன்ட்ரோலர் தெரியவில்லை என்றால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டூயல்சென்ஸுக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். கையில் பிடிக்க அது அருமையான கன்ட்ரோலர், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் விசேஷமான இறுகும் ட்ரிகரும் நுணுக்கமான அதிர்வும் கணினி கேம்கள் பலவற்றில் கேபிளில் செருகினால்தான் கிடைக்கின்றன. வயரில்லாமல் ஆடுவதற்காகத்தான் இவ்வளவு பாடும் பட்டேன். இப்போதைக்கு டூயல்ஷாக்கே போதும்.